ஒரு நிமிட மௌனமும் ஒரு சட்டி வாழைப்பழமும்

பேர்ணடெற் தன் தம்பியைக் கண்டுபிடித்தது கனடாவின் ஸ்காபரோவில், பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில். தம்பி அங்கே இருக்கவில்லை. அவன் இந்தோனேசியாவில், ஒரு சட்டி எண்ணெய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஊரில் போர் முடிந்து அடுத்த வருசம், இலைகள் நிறம் மாறும் காலம். பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் நின்று பாண் பொதி செய்கிற சூசி ஜாவாக்காரி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்ன மடிக்கணினியைத் திறந்து வைத்து, தன் ஊர்ச்சனம் இணையத்தில் ஏற்றுகிற காட்சிகளைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த நாட்களில்தான் இந்தோனேசியாவில் ஆளாளுக்குக் காட்சி பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். தலைமயிர் வெட்டுகிறவர் வெட்டிக்கொண்டே பாடுவார். ஒரு பள்ளிக்கூட ரீச்சர் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு ஆடுவா. ஸ்டூடியோவும் இல்லை, ஸ்பொன்சரும் இல்லை. ஒரு கைத்தொலைபேசி, கொஞ்சம் துணிவு, அவ்வளவுதான்.

சூசிக்கு மிகவும் பிடித்தவன் யாயான் என்கிற பொடியன். போகோர் மலைப்பக்கத்தில் ஒரு சந்தில் அவனுடைய மாமி வாழைப்பழம் பொரித்து விற்கிறா. அந்தக் கடைவாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே கோட்டும் கீழே சாரமுமாக அதன்மேல் இருந்து, தேசியத் தொலைக்காட்சிக்காரனைப்போல முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, யாயான் அந்தச் சந்தின் செய்திகளை வாசிப்பான். நாலாம் வீட்டுச் சேவலைக் காணவில்லை. மசூதிக்குப் பக்கத்து வீட்டில் புதுக் கதவு போட்டார்கள். கதவு கீச்சிடுகிறது. இவ்வளவுதான் செய்தி. இதைப் பார்க்க லட்சக்கணக்கில் சனம்.

பேர்ணடெற்றுக்குப் பாஷை விளங்காது. கோட்டும் சாரமும் விளங்கும். அன்றைக்கும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். யாயானுக்குப் பின்னால் மெலிந்த ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாழைப்பழத்தை மாவில் தோய்த்தான். முதல் துண்டை எண்ணெயில் விடமுதல் நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டான்.

அது ஊரில், பேசாலையில், பேர்ணடெற்றின் அம்மா செய்கிற வேலை. மீன் பொரித்தாலும் வடை சுட்டாலும் முதல் துண்டுக்கு முன்னால் ஒரு சிலுவை. போட்டால் எண்ணெய் தெறிக்காது என்பது அம்மாவின் விசுவாசம். தெறித்தால், போட்ட சிலுவை போதாது என்று அர்த்தம்.

“சூசி, கொஞ்சம் பின்னுக்கு விடு.”

சூசி விட்டாள். அவன் உப்புப் பார்க்கத் திரும்பினான். சீமோன்.

முகாமிலிருந்து வெளிக்கிட்டான் என்று யாரோ சொல்லிக் கேள்வி. படகேறினான் என்று இன்னொரு கேள்வி. அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை; அவளுடைய இலக்கமும் அவனிடம் இல்லை. தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு பேர்ணடெற் ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்தி வந்தாள். அந்தோனியார் ஒரு வாழைப்பழக் கடை வழியாகப் பதில் அனுப்புவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“இப்பவே யாயானுக்கு எழுதிவிடட்டா?” என்று சூசி கேட்டாள். இருவரும் பேசுவது ஆளுக்கொரு விதமாக உடைந்த ஆங்கிலம். அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும்.

“பொறு. வீட்டிலை ஒருக்கா கேட்டிட்டுச் சொல்லுறன்” என்றாள் பேர்ணடெற்.

இந்த ஒரு வசனத்தால்தான் கதை நீண்டது.

வீட்டில் இருந்தவன் கஸ்பர், அவளுடைய புருசன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். நல்ல மனுசன். அவனிடம் இருந்த ஒரே குறை, அவன் ‘உலகத் தமிழர் இணையக் காட்சி மேம்பாட்டுப் பேரவை, கனடாக் கிளை’யின் ஆயுள் உறுப்பினன் என்பதுதான். கிளை கனடாவில் இருந்தது. மரம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

“சூசி எழுதுறதோ?” என்றான் கஸ்பர். “இஞ்சரும், இது ரண்டு நாட்டு விசயம். ஒரு பாண் பக்ரறிப் பிள்ளை எழுதி அவன் ஏன் மறுமொழி சொல்லப்போறான்? பேரவையாலை போனா லெட்டர் ஹெட் இருக்கு, சீல் இருக்கு.”

“சீலைப் பாத்தே சீமோன் வரப்போறான்?”

“முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ.”

பேர்ணடெற் யோசித்தாள். ஒரு உயிரின் விசயத்தில் முறை தவறிவிட்டால் என்ற பயம் அவளுக்கு. தாலி கட்டியவனை நம்புவதில் பாவம் இல்லையே என்று அடுத்த சனிக்கிழமை வெளிக்கிட்டாள்.

பேரவையின் அலுவலகம் வோபர்ன் பக்கத்தில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில். கீழே பல் துளைக்கிற சத்தம் ஓயாமல் கேட்கும். தலைவர் செந்தில்நாதன் அதற்கு மேலாகப் பேசிப் பழகியவர். அதனால் வீட்டிலும் கோயிலிலும்கூட உரத்துத்தான் பேசுவார். அறையின் மூன்று சுவர்களிலும் பிளாஸ்ரிக் கதிரைகள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன.

“இருங்கோ தங்கச்சி. விரும்பின கதிரையை எடுக்கலாம்.”

“அண்ணை, என்ரை தம்பி இந்தோனேசியாவிலை ஒரு வீடியோவிலை வாறான். அதை எடுக்கிற பொடியனிட்டை இவன் எங்கை எண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லவேணும். அவ்வளவுதான்.”

“எத்தினை பேர் பாக்கினம்?”

“என்ரை தம்பியையோ?”

“வீடியோவை.”

“லட்சக்கணக்கிலை எண்டு சூசி சொன்னவள்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேச்சு வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம். கஸ்பர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தான்.

“பாருங்கோ தங்கச்சி, ஒரு பொடியன் வாளியைக் கவிட்டுப்போட்டு அதிலை இருந்து கதைக்கிறான். லட்சம் சனம் பாக்குது. எங்களிட்டைக் கதிரையே நூற்றைம்பது கிடக்கு. சனம்தான் இல்லை. இது ஆய்வுக்குரிய விசயம். நாங்கள் தொடங்கி நாலு வருசம். இன்னும் ஒரு காட்சியும் ஏத்தேல்லை. ஏன்? தரம். ஒரு காட்சியை ஏத்தினா அதை ஆரும் பாத்துப்போடுவினம். பாத்தா குறை சொல்லுவினம். நாங்கள் ஏத்தாத காட்சிகளிலை இண்டைவரைக்கும் ஒருத்தராலையும் ஒரு குறை கண்டுபிடிக்க ஏலேல்லை.”

கீழே யாரோ ஒருவர் வாயைத் திறந்தபடி முனகினார்.

“தம்பி?” என்றாள் பேர்ணடெற்.

“அவரும் இதுக்குள்ளை வருவார்” என்றார் தலைவர்.

பேரவைக்குள் இந்தோனேசியப் பாஷை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். மலாயா மரியரட்ணம் என்று பெயர். அவருடைய தகப்பன் மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்து யாழ்ப்பாணத்தில் மாடிவீடு கட்டியவர். மரியரட்ணம் ஈப்போவில் பிறந்து ஆறு வயதில் கப்பலேறியவர். இப்போது எழுபத்தாறு வயது. மலாய்ப் பாஷையும் இந்தோனேசியப் பாஷையும் சகோதரங்கள், ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்தமாதிரித்தான் என்று அவர் சொன்னார். மறுத்துச் சொல்லப் பேரவையில் வேறு யாருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் மலாயாப் பென்சனுக்கு இருந்த மரியாதை எழுபது வருசம் கழித்து ஸ்காபரோவிலும் செல்லுபடியாயிற்று.

தலைவர் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் சொன்னார். மரியரட்ணம் அதை மொழிபெயர்த்து நாலு வரியில் முடித்தார். சுருக்கமான பாஷை என்றார். சீல் குத்தி, அதைப் படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பினார்கள்.

பதில் வர மூன்று கிழமை. பேர்ணடெற் அந்தப் பதிலை அச்செடுத்து, பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். சூசி வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“உங்கடை ஆக்கள் ஐம்பது வாழைப்பழம் கேட்டிருக்கினமாம். கனடாவுக்கு அனுப்பினா ஆறிப்போகுமாம். நேரை வந்தா மாமி விலை குறைச்சுத் தருவாவாம்.” கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். “காலை வணக்கம் சொன்னதுக்கு நன்றியாம்.”

ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாப்பாட்டுச் சொற்கள்தானே தெரிந்திருக்கும். பேர்ணடெற் அந்தக் கிழவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கஸ்பர் இதைத் தலைவருக்குச் சொன்னபோது அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“தொடர்பு ஏற்பட்டிட்டுது. அதுதான் முக்கியம். இனி மாநாடு.”

மாநாட்டின் பெயர், ‘இந்தோனேசிய இணையக் காட்சிகளின் எழுச்சியும் தமிழர் கடமையும்’. யாயானுக்கு ‘ஒளிக்காட்சிச் செம்மல்’ பட்டம், அவன் இல்லாத இடத்திலேயே. கூடவே பொன்னாடை. வரவேற்புக் குழு, விருந்தோம்பல் குழு, மேடை அலங்காரக் குழு என்று குழுக்கள் பெருகின. இருந்த ஆட்கள் போதாமல், இரண்டு மூன்று குழுவில் இருந்த சிலர் தங்களுக்குத் தாங்களே கடிதம் எழுதவேண்டியிருந்தது. யாயானின் காட்சி ஒன்றைப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, ஆய்வாளர் முதலிலேயே பார்த்துவிட்டால் நடுநிலை கெட்டுவிடும் என்று தலைவர் சொன்னார்.

“தங்கச்சி, தம்பியின்ரை படம் ஒண்டு தாங்கோ. பெரிசாக்கி வைச்சால் சனத்துக்கு ஆளைத் தெரியும்” என்றும் சொன்னார்.

பேர்ணடெற் கொடுத்தாள். பேசாலைத் திருவிழாவுக்கு வெள்ளைச் சேட்டோடு எடுத்த படம். சீமோன் அதில் சிரிக்கவேண்டும் என்று நினைத்து, சிரிக்கப் பிந்திவிட்டான்.

மாநாட்டுக்கு முதல்நாள் அவள் பாண் பொதிகளுக்கு நடுவில் நின்று, “சூசி, நீயே எழுதிவிடு” என்றாள்.

சூசி தலையாட்டினாள். இத்தனை நாள் ஏன் பொறுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் எழுதினாள். எழுதி முடித்தபோதும் தேநீர் சூடாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் சூசி தொலைபேசி எடுத்தாள். யாயான் பேர்ணடெற்றுக்கே பதில் எழுதிவிட்டானாம். வாசித்துக் காட்டினாள். “நான் சொன்னதும் உன் தம்பி அகப்பையை எண்ணெய்க்குள்ளே விட்டுவிட்டான். மாமி ஏசினா. பிறகு விசயம் கேட்டு மாமியும் அழுதா. கனடாவில் இன்றைக்குச் சாயந்தரம் ஏழு மணிக்கு ஸ்கைப்பில் வருவோம். எங்களுக்கு அது அடுத்தநாள் காலை, அடுப்பு மூட்டமுதல்.”

பேர்ணடெற் தொலைபேசியை வைத்துவிட்டு அந்தோனியாரைப் பார்த்தாள். பிறகு கஸ்பரைப் பார்த்தாள்.

“மாநாடும் ஏழுக்குத்தான்” என்றான் கஸ்பர். நோட்டீசில் ஐந்து என்று போட்டிருந்ததால் ஏழுக்குத் தொடங்கும். “நான் புரொஜெக்டருக்குப் பொறுப்பு. நீர் சூசியையும் கூட்டிக்கொண்டு வாரும். வீட்டு இன்ரநெற்றிலை முகம் வந்தா குரல் வராது. மண்டபத்திலை நல்ல வேகம். பின்வரிசையிலை இருந்து கதையுங்கோ. ஒருத்தருக்கும் தெரியவராது.”

மண்டபத்துக்குப் போனபோது ஒரு சிக்கல் தெரிந்தது. இணையக் காட்சி மேம்பாட்டுப் பேரவையிடம் ஒரு கணினி இருக்கவில்லை. கஸ்பர் சூசியைப் பார்த்தான். சூசி சிரித்துக்கொண்டே தன் மடிக்கணினியைக் கொடுத்தாள். அதை மேடை ஓரத்துப் புரொஜெக்டரில் மாட்டினான்.

இரண்டாவது சிக்கல் மேடையில் இருந்தது. சீமோனின் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு, மாலை போடப்பட்டு, முன்னால் ஒரு விளக்கும் வைக்கப்பட்டிருந்தது. மேடை அலங்காரத்துக்குப் பொறுப்பான நாகலட்சுமி அன்ரி மாலையின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தா.

“அன்ரி, உது என்ரை தம்பி.”

“தெரியும் பிள்ளை. மல்லிகை கிடைக்கேல்லை, அதுதான் துணிப்பூ. குறை நினையாதையும்.”

“அவன் உயிரோடை இருக்கிறான்.”

நாகலட்சுமி அன்ரி படத்தைப் பார்த்தா. மாலையைப் பார்த்தா. “அப்ப ஏன் பிள்ளை படம் தந்தனீர்?”

அவவையும் குறை சொல்ல முடியாது. அந்த வருசம் ஸ்காபரோ மண்டபங்களுக்கு வந்த படங்கள் எல்லாவற்றுக்கும் மாலைதான் விழுந்தது. அவவின் கை பழகிப்போயிருந்தது. விளங்கியதும் அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ பிள்ளை” என்று மாலையைக் கழற்றப் போனா. தலைவர் தடுத்தார்.

“நிகழ்ச்சி நிரலிலை அச்சடிச்சாச்சு. மூண்டாவது, அமரர் சீமோனுக்கு ஒரு நிமிட மௌனம். மாத்திறதெண்டா நிர்வாகசபை கூடவேணும். கூடுறதுக்கு ஒரு கிழமைக்கு முந்தி அறிவித்தல் குடுக்கவேணும். பேரவை யாப்பு விதியிலை இருக்கு.”

“அண்ணை, அவன் சாகேல்லை.”

“அதுக்குப் பேரவை எதிர்ப்பில்லை, தங்கச்சி. ஒரு நிமிசம்தானே. முடிஞ்சாப்பிறகு அவர் உயிரோடை இருக்கட்டும்.”

பேர்ணடெற் பின்வரிசைக்கு வந்து சூசிக்குப் பக்கத்தில் இருந்தாள். நூற்றைம்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். பேச்சாளர்களும் அவர்களுடைய மனைவிமாரும் போக, சமோசாவுக்காக வந்த சிலரும் இருந்தார்கள். தலைவர் விளக்கேற்றினார். தலைமையுரையில், இந்தோனேசியர் வென்றதற்குக் காரணம் அவர்களிடம் ஒரு பேரவை இல்லாததே என்றும், அந்தக் குறையை நிவர்த்திசெய்ய நாம் உதவவேண்டும் என்றும் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். பிறகு எல்லோரையும் எழும்பச் சொன்னார்.

எழும்பினார்கள். தலை குனிந்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மண்டபம் அமைதியாயிற்று.

அப்போது மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரை நீர்க்குமிழி உடைகிறமாதிரிச் சத்தம் போட்டது. ஸ்கைப். புரொஜெக்டர் பக்கத்தில் தலை குனிந்து நின்ற கஸ்பர் சத்தத்தை நிற்பாட்டலாம் என்று ஒரு பொத்தானை அழுத்தினான்.

திரை முழுக்க சீமோனின் முகம்.

மெலிந்திருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் கோட்டும் சாரமுமாக யாயான், அவனுக்குப் பின்னால் மாமி. சீமோன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். ஒரு பெரிய மண்டபம். எல்லோரும் எழும்பித் தலை குனிந்து நிற்கிறார்கள். முன்னால் ஒரு மாலையும் விளக்கும் தெரிகின்றன. படம் யாருடையது என்று அவன் இருந்த பக்கத்திலிருந்து தெரியவில்லை.

“அக்கா?” என்றான் மெல்ல. “ஆர் மோசம் போனது? ஆற்றை செத்தவீடு?”

ஒருவரும் பதில் சொல்லவில்லை. மௌனம் அல்லவா. சமோசாவுக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சீமோனுக்கு ஏதோ விளங்கியமாதிரி இருந்தது. அவனும் எழும்பினான். தலையைக் குனிந்து, கைகளைக் கூப்பி, உதடு அசைய யாரென்று தெரியாத அந்த ஆத்துமாவுக்காகச் செபம் சொல்லத் தொடங்கினான். யாயான் அவனைப் பார்த்துவிட்டு வாளியிலிருந்து எழும்பித் தன் சமய முறைப்படி இரண்டு உள்ளங்கைகளையும் மேலே ஏந்தினான். மாமி அடுப்பு மூட்ட எடுத்த நெருப்புக்குச்சியை ஊதி அணைத்தா.

“இன்னும் இருவது செக்கன்” என்றார் தலைவர், கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அந்த இருபது செக்கனிலும் பேர்ணடெற் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. தம்பி தன் ஆத்துமாவுக்கே நித்திய இளைப்பாற்றிச் செபம் சொல்லுகிறதைப் பார்க்க எத்தனை அக்காமாருக்குக் கொடுத்துவைக்கும்.

“அமரலாம்” என்றார் தலைவர்.

ஒருவரும் அமரவில்லை. எல்லோரும் திரும்பிப் பேர்ணடெற்றைப் பார்த்தார்கள். அவள் நடுவழியால் முன்னுக்கு நடந்து வந்தாள். ஒரு வருசமாகச் சேர்த்து வைத்த கேள்விகள் எத்தனையோ இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

“சாப்பிட்டியோ?”

“இல்லையக்கா. இனித்தான் எண்ணெய் வைக்கவேணும்.”

நாகலட்சுமி அன்ரி ஓடிப்போய் மாலையைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல், கையில் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தா.

தலைவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். நாலாவது, பொன்னாடை. செம்மலோ திரையில் இருந்தான். போர்த்துவதற்குத் தோள் இல்லை. தலைவர் கொஞ்சம் தேடிப்பார்த்துவிட்டு, பொன்னாடையை விரித்து, புரொஜெக்டரும் மடிக்கணினியும் மூடப் போர்த்தினார். விளக்குகளைக் குறைத்திருந்த மண்டபம் இருண்டது. இருட்டுக்குள்ளே யாயானின் குரல் மட்டும் ஏதோ சொன்னது.

“கரண்ட் போறது தங்கடை சந்துக்கும் பழக்கமாம், பயப்பிடவேண்டாமாம்” என்றாள் சூசி. அவள்தான் மெல்லப் போய்ப் பொன்னாடையை எடுத்தாள். வெளிச்சம் திரும்பவும் வந்தபோது பேர்ணடெற் நடுங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சூசி அந்தப் பொன்னாடையை அவளுடைய தோளைச் சுற்றிப் போட்டுவிட்டாள். பேரவையின் சரித்திரத்தில் ஒரு பொன்னாடை ஒருவருக்குக் குளிரைப் போக்கியது அதுதான் முதல்தடவை.

தலைவர் வாயைத் திறந்தார். ஐந்தாவது, அவருடைய ஆய்வுரை. திரையில் சீமோன், “மெலிஞ்சுபோனாய் அக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தலைவர் வாயை மூடினார். உரையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முன்வரிசைக்குப் போய், தன் கையாலேயே ஒரு கதிரையைத் தூக்கி வந்து, திரைக்கு முன்னால் பேர்ணடெற்றுக்குப் போட்டார்.

“இருந்து கதையும் தங்கச்சி” என்றார். அன்றைக்கு அவர் உரத்துப் பேசாத ஒரே வசனம் அது. இப்படியான ஒரு மெல்லிய வசனம் எல்லாரிடமும் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. மேடையை விட்டு இறங்கினால் வாய்க்கு வருகிறது.

மற்றவர்களும் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து சுற்றி இருந்தார்கள். மாமி அடுப்பு மூட்டினா. சீமோன் கதைத்துக்கொண்டே மாவில் தோய்த்து, சிலுவை போட்டு, முதல் துண்டை விட்டான். சீ என்ற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மலாயா மரியரட்ணம் முன்னுக்குச் சாய்ந்து, பொரித்த வாழைப்பழத்துக்குத் தான் அறிந்த மலாய்ப் பெயரை, “பீசாங் கோரெங்” என்று சொன்னார். யாயான் துள்ளிக் கைதட்டினான். ஐம்பது கேட்டவர் இவர்தானா என்று அவன் கேட்பதாகச் சூசி சொன்னாள். கிழவர் சந்தோசமாகத் தலையாட்டினார்.

சீமோன் கனடாவுக்கு வருகிற அலுவல் அதன்பிறகு ஒரு வக்கீலிடமும், அகதிக்குப் பொறுப்பு நிற்கிற ஒரு கோயிலிடமும் போயிற்று. அது நடக்கிறது. அந்தோனியாருக்கு இப்போது செவ்வாயோடு வெள்ளியும் மெழுகுதிரி.

அடுத்த மாதம் பேரவையின் ஆண்டறிக்கை கஸ்பருக்கு வந்தது. பேர்ணடெற் அதை ஸ்கைப்பில் தம்பிக்கு வாசித்துக் காட்டினாள். மாநாடு பெருவெற்றி, கதிரைகள் அனைத்தும் பயன்பட்டன என்று எழுதி, கீழே இப்படி இருந்தது: ‘அமரர் சீமோனுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. அமரரும் இணையவழி கலந்து சிறப்பித்தார்.’

சீமோன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எண்ணெயில் கிடந்த வாழைப்பழம் ஒரு சட்டி முழுக்கக் கருகிப்போயிற்று. அடுத்தநாள் யாயான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு முதலாவது செய்தியாக அதைத்தான் வாசித்தான்.